காருக்குள் கச்சேரி: அதிர்ந்தால் மட்டும் போதுமா?

இரவு ஒன்பதரை மணி. தெரு அடங்கும் நேரம். தூரத்தில் "தும்... தும்..." என்று ஓர் ஓசை கேட்கிறது. முதலில் இடியோ என்று தோன்றுகிறது. பிறகு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. தொட்டிலில் தூங்கும் குழந்தை சிணுங்குகிறது. தெருமுனையில் ஒரு கார் திரும்புகிறது. அதில் ஒலிப்பது என்ன பாட்டு? தெரியவில்லை. பாடுவது ஆணா, பெண்ணா? அதுவும் தெரியவில்லை. அதிர்ச்சி மட்டும் தெரிகிறது!

இதில் வேடிக்கை என்னவென்றால், காருக்குள் இருப்பவருக்கும் திருப்தி இல்லை. வாடகைக் கார் ஓட்டிச் சேர்த்த பணத்தில், ஒரு மாதத் தவணைத் தொகையைப் போட்டு, டிக்கியில் பெரிய பெட்டி வைத்திருப்பார். "கடையில் கேட்டபோது கணீரென்று இருந்தது. காரில் கேட்டால் காலிப் பானையைத் தட்டுவது போல் இருக்கிறதே!" என்று குறைப்படுவார். அடுத்தாற்போல், இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பார்.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அதைப் பொருத்திய விதத்தில் இருக்கிறது. கைப்பணம் செலவழியாமலே பாதிக் குறையைப் போக்கிவிடலாம்.

'பேஸ்' என்பது என்ன?

ஒலி என்பது காற்றின் அசைவு. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பதை 'ஹெர்ட்ஸ்' என்ற கணக்கால் சொல்லுகிறார்கள். மனிதனின் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குழந்தையின் கீச்சுக் குரல் மேலே இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கம் எழுப்பும் 'தொம்' கீழே இருக்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இந்தக் கனத்த ஒலியைத்தான் 'பேஸ்' என்கிறார்கள்.

இதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கதவில் உள்ள சிறிய ஸ்பீக்கரால் அது முடியாது. அதற்கென்றே அகலமாகச் செய்யப்பட்டதுதான் 'சப்ஊஃபர்'. அதற்குச் சக்தி கொடுப்பது ஆம்ப்ளிஃபயர்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். காரின் உட்புறம் அதைவிட மிகச் சிறியது. ஆகையால் அடைத்த காருக்குள் பேஸ் தானாகவே பலம் பெறுகிறது. வீட்டுக் கூடத்தில் வேண்டியிருக்கும் சக்தி காரில் வேண்டியதில்லை.

இரு மடங்கு வாட்ஸ், இரு மடங்கு சத்தமா?

இல்லை! இங்குதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். 500 வாட்ஸை எடுத்துவிட்டு 1,000 வாட்ஸ் வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது கொஞ்சம் கூடியதாகவே தெரியும். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே வாட்ஸை மட்டும் துரத்திப் பயனில்லை.

பெட்டிதான் உயிர்

ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ் காணாமற் போகும். அதைத் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை.

பெட்டியில் இரண்டு வகை பிரபலமானவை. ஒன்று, முழுவதும் மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல இருந்து ஸ்பீக்கரைக் கட்டுப்படுத்துகிறது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இந்த முறையில் வீட்டு ஸ்பீக்கர் செய்து புகழ் பெற்றார். சிறிய பெட்டியிலிருந்தும் திருத்தமான பேஸ் வரும் என்று அவர் காட்டினார்.

இன்னொன்று, துவாரக் குழாய் வைத்த பெட்டி. கடம் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வாயை வயிற்றோடு அணைத்தால் ஒரு தொனி. விலக்கினால் வேறு தொனி. பானைக்குள் இருக்கும் காற்றும் வாயின் அளவும் சேர்ந்து தொனியை நிர்ணயிக்கின்றன. துவாரப் பெட்டியும் அப்படித்தான். பெட்டியின் கொள்ளளவு, குழாயின் அகலம், நீளம் எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் இந்தக் கணக்கை எழுதினார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் காணும் அளவுகள் அவர்கள் வகுத்தவையே.

துவாரப் பெட்டியில் சத்தம் அதிகம். ஆனால் கணக்குத் தவறினால் ஒரே தொனியில் 'பொம் பொம்' என்று ஊதும். மிருதங்கமும் தபேலாவும் தனித்தனியாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு மூடிய பெட்டி நல்லது. எந்தப் பெட்டியானாலும் ஸ்பீக்கர் தயாரித்தவர் சொன்ன கொள்ளளவில் செய்ய வேண்டும். பலகை தடிப்பாக இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது மூடிய பெட்டியின் மூட்டுகளில் கையை வைத்துப் பாருங்கள். காற்றுக் கசிந்தால் அடையுங்கள்.

ஏமாற்றும் திருகு

ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கிறது. சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்துப் பலர் அதைக் கடைசி வரை திருப்பிவிடுகிறார்கள். அது தவறு. ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒலிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு அது.

அளவுக்கு மேல் திருப்பினால் என்ன ஆகும்? ஆம்ப்ளிஃபயரால் கொடுக்க முடியாத சக்தியைக் கேட்டது போலாகும். ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். பாட்டு கரகரக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடேறும். ஒரு நாள் கருகிய வாடை வரும். அத்தோடு சரி!

சரியான முறை இதுதான்:

கெயினை முழுவதும் குறைத்துவிடுங்கள். 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் பாகம் கூட்டுங்கள். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். எங்கே ஒலி கரகரக்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் திருப்புங்கள். அதுதான் அதன் இடம்.

பேஸ் பூஸ்டை 6 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வேலையைப் பங்கு போடுங்கள்

கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வேலை. இங்கும் அப்படியே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்ஊஃபர். அதற்கு மேலே கதவு ஸ்பீக்கர்கள். இப்படிப் பிரித்துத் தொடங்கலாம். பிறகு காதுக்கு ஏற்றபடி சிறிது மாற்றலாம். டிக்கியிலிருந்து பாடகரின் குரல் கேட்டால் பிரிவினை சரியில்லை என்று அறிக.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். ஸ்பீக்கர் கம்பிகளில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு முனைகள் உண்டு. அவை மாறிவிட்டால் சப்ஊஃபர் முன்னே தள்ளும்போது கதவு ஸ்பீக்கர் பின்னே இழுக்கும். பேஸ் மெலியும். ஒருவர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இன்னொருவர் கருவியை அணைத்துவிட்டு, சப்ஊஃபரின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பொருத்தட்டும். எந்த விதத்தில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அப்படியே விட்டுவிடலாம்.

டிக்கி கடகடத்தால் அதுவும் பேஸைக் கெடுக்கும். முதலில் ஜாக்கி, ஸ்பானர்களைத் துணியில் சுற்றி வையுங்கள். பாட்டு ஓடும்போது நம்பர் பிளேட்டையும் டிக்கி மூடியையும் கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே ரப்பர் ஒட்டினால் போதும்.

தீ அபாயம்!

இதை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. 500 வாட்ஸ் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் ஓடும்போது பாட்டரியிலிருந்து சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது, சூடேறும். போகும் வழியில் மின்னழுத்தமும் குறையும், பேஸ் சோரும்.

ஆகவே தடித்த செம்புக் கம்பி போட வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பிகளும் கடைகளில் விற்கின்றன. விலை குறைவு, ஆனால் மின்சாரம் கடத்தும் திறனும் குறைவு.

பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஸ்பீக்கரைக் காப்பதற்கல்ல, கம்பியைக் காப்பதற்கு. ஃபியூஸ் இல்லாத கம்பி தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், பாட்டரியின் முழு பலமும் அதில் பாயும். காரில் தீப்பிடிக்கும். பின் இருக்கையில் மனைவி மக்கள் இருப்பார்கள் என்பதை நினைக்க வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பித் துண்டைச் செருகுவதோ, பெரிய ஃபியூஸ் போடுவதோ கூடவே கூடாது. கம்பி தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் இறுக்க வேண்டும்.

இந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போன காது வராது

காதின் உள்ளே நுண்ணிய மயிரிழை போன்ற உயிரணுக்கள் இருக்கின்றன. பெரும் சத்தத்தில் அவை சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 88 டெசிபல் என்றால் நான்கு மணி. 100 டெசிபல் என்றால் 15 நிமிஷந்தான்! காரை விட்டு இறங்கியதும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அதுவே எச்சரிக்கை. அதோடு, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சங்கொலி ஓட்டுநர் காதில் விழ வேண்டாமா?

அயலாருக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை.

நல்ல பேஸுக்கு அடையாளம் என்ன? தெரு அதிரக் கூடாது. காருக்குள் பாட்டு நிறைந்திருக்க வேண்டும். பாடகரின் குரல் முன்னே தெளிவாகவும், மிருதங்கத்தின் 'தொம்' அடியில் இதமாகவும் கேட்க வேண்டும். பின் இருக்கையில் பாட்டியம்மா தாளம் போட வேண்டும். அவர் மடியில் பேரக் குழந்தை நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதற்குப் புதிய பெட்டி தேவையில்லை. ஒரு திருகைக் குறைப்பதும், ஒரு கம்பியை மாற்றுவதும், ஒரு ஃபியூஸை வைப்பதுமே போதும்.