மையும் மெஷ்ஷும் தந்த பாடம்

முன்னுரை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் பொருளை நாங்கள் ஏட்டில் படித்து அறிந்ததைவிட, நாரணாபுரத்தில் ஒரு சிறிய அச்சுக் கொட்டகையில் 300 வினைல் ஸ்டிக்கர்களை அச்சிட முயன்றபோதுதான் நன்றாக உணர்ந்தோம். அந்த அனுபவத்தை நம் பள்ளித் தோழியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதற்காக அச்சிட்டோம்?

எங்கள் வகுப்பில் பலருடைய தாய்மார்கள் பட்டாசுத் தொழிலாளர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எங்கள் வீடுகளில் இன்றும் பேசுவார்கள். ஆகவே கைத்தொழில் வகுப்பில் ஏதேனும் பயனுள்ள பொருள் செய்யும்படி எங்கள் ஆசிரியை கூறியபோது, ‘தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது’ என்ற வாசகத்தை மஞ்சள் ஸ்டிக்கரில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டு, அம்மாமார் வேலை செய்யும் இடங்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். காகிதம் மழையில் கரைந்துவிடும் என்பதால் வினைலைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தோழியின் தந்தை தம் கொட்டகையை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் தந்து உதவினார்.

ஸ்கிரீன் அச்சு என்றால் என்ன?

1920களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அதன் பின்னே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. ஸ்கிரீன் அச்சு அதில் ஓர் எளிய முறை. 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத் துணியைக் கொண்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர் மெஷ் பயன்படுகிறது. சட்டத்தில் மெஷ்ஷை இழுத்துக் கட்டி, ஒளியில் இறுகும் எமல்ஷனைப் பூசி, பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். எழுத்து உள்ள இடத்தில் வெளிச்சம் படாததால், தண்ணீரில் கழுவும்போது அங்கு மட்டும் எமல்ஷன் கரைந்து துளைகள் திறக்கும். அதன் வழியே ஸ்குயீஜி என்னும் ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் எழுத்து பதியும். கேட்பதற்கு எளிது, செய்யும்போதுதான் அருமை தெரியும்!

ஒட்டாத மை

முதல் ஞாயிறு 50 தாள்கள் அழகாக வந்தன. மறுநாள் நகத்தால் சுரண்டியதும் எழுத்து பொடியாக உதிர்ந்தது. காரணம் யாதெனில், காகிதத்துக்கான மையை நாங்கள் எடுத்துவிட்டோம். வினைலுக்குரிய மையில் உள்ள கரைப்பான், வினைலின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி மையைப் பிடிக்கச் செய்கிறது. காகித மை மேலே படிந்து நிற்குமே தவிர, உள்ளே பிடிக்காது. மேலும் வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் மேலே கசிவதுண்டு. எனவே பழைய ரோல் என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்த பின்னரே அச்சிட வேண்டும். சோதிக்கவும் வழி உண்டு. ஒரு நாள் காய்ந்த பின் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்திச் சட்டென்று உரியுங்கள். டேப்பில் மை வராவிட்டால் வெற்றி!

அடைத்துக்கொண்ட மெஷ்

இரண்டாம் ஞாயிறு சரியான மை வந்தது. கூடவே சித்திரை வெயிலும் வந்தது. மின்விசிறியைச் சுழலவிட்டு அச்சிட்டோம். நாற்பதாவது தாளை எடுத்துப் பார்த்த தோழி திடுக்கிட்டாள். ‘தீப்பெட்டி கொண்டுவர’ என்பது தெளிவாக இருந்தது. ‘கூடாது’ என்ற சொல்லைக் காணவில்லை! துளைகளிலேயே மை காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எச்சரிக்கையே அழைப்பாக மாறிவிட்டதே!

“பிள்ளைகளா, மெஷ் வாயை மூடிக்கிட்டா அழுத்தித் திறக்க முடியாதும்மா” என்றார் தோழியின் தந்தை. ஸ்குயீஜியைப் பலமாக அழுத்தினால் எழுத்தின் ஓரம்தான் கசியும். அவர் சொன்ன முறைகள் இவை: விசிறிக் காற்று ஸ்கிரீன்மேல் படக் கூடாது. ஒவ்வொரு அச்சுக்குப் பின்னும் மையை மெல்லப் பரப்பித் துளைகளை மூடி வைக்க வேண்டும். விரைவில் ஆவியாகும் தின்னருக்குப் பதில், மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டரைச் சிறிதளவு கலக்க வேண்டும். மிகுந்தால் மை நீர்த்து எழுத்து பரவும். வெயில் ஏறும் முன் காலையிலேயே வேலையை முடிப்பது நன்று.

மெஷ்ஷின் எண்ணும் முக்கியம். சென்டிமீட்டருக்கு 77 இழை என்றால் துளை பெரிது, மை அதிகம் இறங்கும். 120 இழை என்றால் துளை சிறிது, நுண்ணிய எழுத்து தெளிவாக வரும். ஆனால் மெல்லிய மெஷ் சீக்கிரம் அடைக்கும். எங்கள் எழுத்து தடிமனானது. ஆகவே 77 இழை மெஷ்ஷுக்கு மாறினோம்.

மற்றச் சிறு குறைகள்

தேவையற்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், கண்ணாடியிலோ பிலிமிலோ தூசி இருந்தது என்று பொருள். அந்தத் துளைகளைத் தூரிகையால் எமல்ஷன் தொட்டு அடைக்கலாம். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் மெஷ் தளர்ந்திருக்கும். நன்கு இழுத்துக் கட்டி, வினைலுக்கும் மெஷ்ஷுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், ஸ்குயீஜி கடந்ததும் மெஷ் தானே விலகிவிடும்.

எழுத்தைச் சுற்றி மெல்லிய மயிர்போல மை இழுத்தால், அது நிலைமின்சாரத்தின் வேலை. நம் ஊரின் வறண்ட காற்றில் வினைலை உரிக்கும்போது இது எளிதில் உண்டாகிறது. தரையில் தண்ணீர் தெளித்து, மேசையை ஈரத்துணியால் துடைத்ததும் குறைந்தது. பட்டாசு அறைகளில் பருத்தி ஆடை அணியச் சொல்வதும் இதே நிலைமின்சாரத்துக்கு அஞ்சித்தான் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. தின்னரும் எளிதில் தீப்பற்றும்; ஆகவே சன்னல்களைத் திறந்து வைத்து, விளக்கும் அடுப்பும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக, காயும் முன்பே ஆசையோடு அடுக்கி வைத்த 30 தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீணாயின. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓர் இரவு முழுதும் காயவைக்க வேண்டும்.

முடிவுரை

மூன்றாம் ஞாயிறு மாலை, 300 ஸ்டிக்கர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தே எண்ணினோம். ‘கூடாது’ என்ற சொல் எல்லாவற்றிலும் இருந்தது. அவற்றுள் ஒன்று இன்று எங்கள் தோழியின் அம்மா நுழையும் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. தோழியரே, சிறு துளை ஒன்று அடைபட்டால் ஒரு சொல் மறையும். ஒரு சொல் மறைந்தால் பொருளே மாறும். கைத்தொழிலைச் சிறிதென்று எண்ணாமல், எச்செயலையும் பொறுமையோடும் கவனத்தோடும் செய்வோமாக!