வானத்து இரும்புக்கு ஒரு அகராதி

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் பழைய நகையைக் கொடுத்துப் புதுசு வாங்கப் போயிருப்பீங்க, இல்ல அம்மாவுக்குத் துணைக்காவது போயிருப்பீங்க. முன்னெல்லாம் உரைகல்லில் உரசிப் பார்ப்பாங்க. இப்போ பல நகைக்கடைகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கு. வளையலை உள்ளே வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் திரையில் எண் வந்துவிடும்: தங்கம் 91.6, மீதி வெள்ளி, செம்பு. கடைக்காரங்க அதை கேரட் மீட்டர் என்பாங்க. உண்மையில் அது ஒரு எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரோமீட்டர்.

பெட்டி நகையின் மேல் எக்ஸ்ரே அடிக்கும். அணுவின் உள் கூட்டில் இருக்கும் ஒரு எலெக்ட்ரான் தெறித்துப் போகும். காலியான இடத்துக்கு வெளிக் கூட்டிலிருந்து இன்னொரு எலெக்ட்ரான் விழும். விழும்போது மிச்சமாகும் ஆற்றல் ஒரு எக்ஸ்ரே துகளாக வெளியே வரும். இந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி. செம்பு என்றால் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (இனிமேல் கேஇவி என்றே சொல்லிக்கலாம்), தங்கம் 9.71, வெள்ளி 22.16. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் ஃபிளேம் டெஸ்ட் பண்ணி "பச்சை வந்தா பேரியம்"னு எழுதினோமே, அதே கதைதான். இங்கே நிறத்துக்குப் பதில் எண்.

ஆனா பெட்டிக்கு 9.71 என்றால் தங்கம் என்று யார் சொன்னது? அதன் மென்பொருளுக்குள் ஒரு அட்டவணை இருக்கு. எந்த அணு எந்த ஆற்றலில் ஒளிரும், எவ்வளவு பலமா ஒளிரும் என்ற எண்கள். "எவ்வளவு பலமா" என்பதுதான் முக்கியம். அது தெரியாவிட்டால் தங்கம் இருக்கு என்று சொல்லலாம், 91.6 சதவீதம் என்று சொல்ல முடியாது. இந்த எண்களுக்குத்தான் அணுத் தரவு என்று பெயர். நகைக்கடையில் இதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்து பல தலைமுறையா அளந்து வைத்துவிட்டார்கள்.

வானத்தில் அப்படி இல்லை.

நகையில் இருக்கும் செம்பு அணுவில் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ எல்லாம் பத்திரமா இருக்கும். விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கூடியிருக்கும் கொத்துகளுக்குள்ளே பரவியிருக்கும் வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கு. அந்தச் சூட்டில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதி எலெக்ட்ரான்களை இழந்துவிடும். இரும்பையே எடுத்துக்குங்க. சாதாரண இரும்பு 6.40 கேஇவியில் ஒளிரும். தன் 26 எலெக்ட்ரான்களில் 24ஐ இழந்துவிட்டால் அது 6.70 ஆகிடும். 25ஐ இழந்தால் 6.97. ஒரே தனிமம், மூன்று கையெழுத்து. எந்தக் கையெழுத்து எவ்வளவு பலமா இருக்கு என்று பார்த்தால் அந்த வாயுவின் வெப்பநிலையே தெரிந்துவிடும். தெர்மாமீட்டரை அங்கே கொண்டுபோக வழியில்லாதவங்களுக்கு இது பெரிய வரம். ஆனா 24 எலெக்ட்ரான் இழந்த இரும்பை மேசை மேல் வைத்து அளக்க முடியுமா?

இந்தச் சிக்கல் எக்ஸ்ரே வானியலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1868 ஆகஸ்ட் 18 அன்று ஒரு முழு சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தைக் கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் இருந்து பார்த்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அந்த ஆண்டு சூரியனின் ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்றார்கள், ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895இல் அது பூமியிலேயே கிடைத்தது. சரி, ஜெயிச்சாச்சு.

அடுத்த ஆண்டு, 1869இல், அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சூரியனைச் சுற்றியுள்ள கொரோனாவில் 530.3 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோடு. அதுவும் எதற்கும் பொருந்தலை. ஒரு தடவை வேலை செய்த ஃபார்முலாதானே! இதுவும் புதுத் தனிமம், பெயர் கொரோனியம் என்று வைத்தார்கள். 70 வருஷம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1939இல் குரோட்ரியன், அதைத் தொடர்ந்து எட்லென் ஆகிய இருவரும் அணுக் கணக்கைப் போட்டு விடை சொன்னார்கள். கொரோனியம் என்று ஒன்றே இல்லை, பச்சைக் கோட்டுக்குச் சொந்தக்காரர் 13 எலெக்ட்ரான் இழந்த இரும்பு. இரும்பு அந்த அளவுக்கு இழக்கணும்னா சூடு பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வேணும். சூரியனின் மேற்பரப்பு 6,000 டிகிரிக்கும் குறைவு, அதற்கு வெளியே இருக்கும் கொரோனா பத்து லட்சம். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்ததும் சூரியனைப் பற்றிய புரிதலே மாறிப்போச்சு. (2019 டிசம்பர் 26இல் நம்ம புதுக்கோட்டை மேல போன வளைய கிரகணத்தில் கொரோனா தெரியலையேன்னு கேட்காதீங்க. நிலா சூரியனை முழுசா மறைக்கலை. மிச்சமிருந்த வளையத்தின் வெளிச்சமே கொரோனாவை விழுங்கப் போதும்.)

இந்த அகராதியை எழுதுவது எப்படி? ஒரு வழி கணக்கு. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்து குவாண்டம் சமன்பாடுகளைத் தீர்க்கணும். ஒரே ஓர் அயனிக்கே ஆயிரக்கணக்கான ஆற்றல் நிலைகள். 1990களில் தொடங்கிய 'இரும்புத் திட்டம்' என்ற பன்னாட்டு முயற்சியில் பலர் இதைச் செய்தார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனில் பிரதான், சுல்தானா நஹார் இருவரும் அதில் நெடுநாள் உழைத்தவர்கள்.

இன்னொரு வழி, அந்த வெந்த இரும்பையே ஆய்வகத்தில் உண்டாக்குவது. 1980களில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் கற்றை அயனிப் பொறி ஒன்றைக் கட்டினார்கள். வலுவான காந்தப் புலத்தால் ஒரு எலெக்ட்ரான் கற்றையை முடியளவு மெல்லியதா நெருக்குவாங்க. அதில் மாட்டும் அணுக்களை மோதி மோதி எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றா உரித்துவிடும், வெங்காயம் உரிக்கிற மாதிரி. கற்றையின் ஆற்றலைத் திருகி எத்தனை எலெக்ட்ரான் போகணும்னு நாமே தீர்மானிக்கலாம். இந்தப் பொறியில் அகப்பட்ட அயனிகள் வெளிவிடும் எக்ஸ்ரேயை அளந்தால் அகராதிக்கு ஒரு பதிவு தயார்.

இதில் தப்பு வந்தால் என்ன நஷ்டம்? 2016 பிப்ரவரி 17 அன்று ஜப்பான் ஹிட்டோமி என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோளை ஏவியது. அதன் கருவி, ஒரு எக்ஸ்ரே துகள் விழுந்தால் ஏறும் சூட்டை அளக்கும். அதற்காக அது பூஜ்ஜியம் கெல்வினுக்கு 0.05 டிகிரி மட்டுமே மேலே குளிர்விக்கப்பட்டிருந்தது. நம்ம நகைக்கடைப் பெட்டி போன்ற கருவிகள் 130 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் கோடுகளைப் பிரித்துப் பார்க்கும், ஹிட்டோமி 5 வரை பிரித்தது. சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெர்சியஸ் கொத்தைப் பார்த்தது. மார்ச் 26இல், தன்னைத் தானே தப்பா திருப்பிக்கொண்டு வேகமாகச் சுழன்று உடைந்தது. ஆறு வாரம் கூட முழுசா ஓடலை. நினைத்தாலே வயிறு எரியும்.

கையில் கிடைத்த அந்தக் கொஞ்சத் தரவை விஞ்ஞானிகள் உலகின் முக்கியமான அணு அகராதிகளை வைத்து தனித்தனியா படித்தார்கள். ஆட்டம்டிபியைக் கொண்டு கணக்கிட்ட இரும்பின் அளவும், ஸ்பெக்ஸைக் கொண்டு கணக்கிட்ட அளவும் 16 சதவீதம் வேறுபட்டன. அளவீட்டின் புள்ளியியல் பிழையைப் போல 17 மடங்கு அது! அதாவது கருவி பிரமாதம், அகராதிதான் தடுமாறுது. நகைக்கடை மொழியில் சொன்னால், ஒரே வளையலை ஒரு கடை 91.6 என்றும் பக்கத்துக் கடை 77 என்றும் சொன்ன மாதிரி. வீட்டில் சும்மா விடுவாங்களா?

அதைவிடப் பெரிய பந்தயம் ஒன்று 2014இல் ஆரம்பித்தது. எஸ்ரா புல்புல் தலைமையிலான குழு 73 விண்மீன்மண்டலக் கொத்துகளின் எக்ஸ்ரே தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 3.5 கேஇவி பக்கத்தில் அகராதியில் இல்லாத மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. ஸ்டெரைல் நியூட்ரினோ என்ற, இதுவரை யாரும் பார்க்காத துகள் சிதைந்தால் இப்படி ஒரு கோடு வரலாம். அண்டத்தின் கரும்பொருள் அதுவாகவே இருக்கலாம். உண்மையானால் நோபல் பரிசுக்கு உரிய விஷயம்.

உடனே இன்னொரு குழு, இது பொட்டாசியம் அயனியின் கோடாக இருக்கலாம், நீங்க அதன் பலத்தைக் குறைச்சுக் கணக்குப் போட்டுட்டீங்க என்றது. 2015இல் வேறொரு யோசனை வந்தது: எல்லா எலெக்ட்ரான்களையும் இழந்த கந்தகம், குளிர்ந்த ஹைட்ரஜன் பக்கம் போகும்போது அதனிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிய எலெக்ட்ரான் மிக உயர்ந்த நிலையிலிருந்து அடிமட்டத்துக்கு ஒரே தாவலாக விழுந்தால் கோடு 3.5க்கு ரொம்ப நெருக்கத்தில் வரும். இது அகராதிகளில் சரியாகப் பதிவாகாத நிகழ்வு. அடுத்த வருஷமே ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் அணு இயற்பியல் நிறுவனத்தில் சிந்தன் ஷா முதலானோர் அயனிப் பொறியில் கந்தகத்தை வைத்து அந்தக் கோட்டை நேரடியாக அளந்து காட்டினார்கள். ஹிட்டோமி பெர்சியஸில் தேடியபோது, முன்பு சொன்ன அளவுக்குப் பலமான மர்மக் கோடு தென்படவில்லை. வாதம் இன்னும் முழுசா ஓயலை. ஆனா என் பந்தயம் கந்தகத்தின் மேல்தான்.

இதே ஆளுங்க இன்னொரு பழைய வழக்கையும் முடித்து வைத்தார்கள். 16 எலெக்ட்ரான் இழந்த இரும்பு இரண்டு பலமான கோடுகளை வெளிவிடும். கணக்குப்படி ஒன்று மற்றதைவிட சுமார் 3.5 மடங்கு பலம். வானத்திலும் ஆய்வகத்திலும் அளந்தால் எப்பவுமே குறைவாகத்தான் வந்தது. 2012இல் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் எக்ஸ்ரே லேசரால் அளந்தும் 2.6 தான். பல பத்தாண்டு சந்தேகம்: கணக்கு தப்பா, அளவு தப்பா? 2022இல் ஹாம்பர்கில் உள்ள சிங்க்ரோட்ரானில் முன்பைவிடத் துல்லியமா அளந்தார்கள். இரைச்சலில் புதைந்திருந்த கோட்டின் ஓரங்களும் இந்தத் தடவை தெளிவாகத் தெரிந்தன. விடை 3.51. கணக்குதான் சரி.

நம்ம நாட்டுக் கருவிகளுக்கும் இதே அகராதிதான் வேணும். சந்திரயான்-2இல் இருக்கும் எக்ஸ்எஸ்எம் என்ற சூரிய எக்ஸ்ரே கருவியை அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் செய்தது. 2019-20இல் சூரியன் நூறு வருஷத்தில் இல்லாத அளவுக்கு அமைதியா இருந்தபோது அது 98 குட்டிச் சூரியத் தெறிப்புகளைப் பிடித்தது. அமைதியான கொரோனாவில் மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் எவ்வளவு என்றும் அளந்தது. எக்ஸ்ரேயை அளவாக மாற்றித் தந்தது கியாண்டி என்ற அணுத் தரவுத்தொகுதி. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா-எல்1இலும் இரண்டு எக்ஸ்ரே கருவிகள் இருக்கு. அதே செயற்கைக்கோளின் இன்னொரு கருவி, 1869இல் எல்லாரையும் குழப்பிய அந்த 530.3 பச்சைக் கோட்டைத்தான் குறிவைத்துப் பார்க்குது.

கோர் கம்பெனி வேணுமா, ஐடி போதுமான்னு குழம்பிக்கிட்டு, எல்லா ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கும் முகம் அடையாளம் காணும் கோடையே போட்டுட்டு இருக்கோம். மாத்தி யோசிக்க விரும்பினால், எக்ஸ்எஸ்எம் தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் கணக்கு தொடங்கினால் இலவசமா கிடைக்கும். கியாண்டியும் ஆட்டம்டிபியும் பைத்தான் நூலகங்களாகவே இலவசம். ஒரு தெறிப்பு நடந்த நாளின் ஸ்பெக்ட்ரத்தை எடுத்து, இரண்டு அகராதியையும் வைத்து வெப்பநிலை கண்டுபிடிச்சுப் பாருங்க. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லுதான்னு முதல்ல கவனிங்க.