தீப்பெட்டியும் கம்ப்யூட்டரும்: ஒரு மில்லிமீட்டர் தந்த பாடம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, வெளியூரில் இருக்கும் பேரன் பேத்திகளோடு முகம் பார்த்துப் பேசியும் ஆயிற்று. இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுங்கள், அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து பாருங்கள். பொருள் வடிவமைப்பு என்பது கார் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. அடுப்படியில் கிடக்கும் தீப்பெட்டியே அதற்கு நல்ல பாடப்புத்தகம்.

எனக்கு ஊர் விருதுநகர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சிவகாசி. அங்கே ஒரு அச்சகத்தில் பல வருடங்கள் டிடிபி வேலை பார்த்தேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு டப்பா, தினசரி காலண்டர் என்று என் கை படாத சரக்கு இல்லை. ஆனாலும் தீப்பெட்டி எனக்கு முழுதாகப் புரிந்தது, அதில் ஒரு தவறு செய்து பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்த பிறகுதான். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

ஆபத்தை இரண்டாகப் பிரித்தவர்கள்

ஆரம்ப காலத்தில் வந்த பல தீக்குச்சிகள் எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். சட்டைப் பையிலேயே பற்றிக்கொண்ட கதைகளும் உண்டு. குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அந்த விஷப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகிப் போனது. 1844-ல் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் குஸ்டாஃப் எரிக் பாஷ் ஒரு புதிய வழியைப் பதிவு செய்தார். பற்ற வைக்கத் தேவையான மருந்து முழுவதையும் குச்சியிலேயே ஏன் வைக்க வேண்டும்? ஒரு பகுதியைக் குச்சியிலும் மறு பகுதியைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தால் என்ன?

யோசனை அவ்வளவுதான். இன்றும் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் உள்ளது, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் உள்ளது. இரண்டும் உரசும்போதுதான் தீ வரும். இதே ஸ்வீடனில் யோன்ஷோப்பிங் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850-களில் இதை நன்றாக விற்கும் பொருளாக மாற்றினார்கள். வடிவமைப்பு என்றால் அழகான படம் போடுவது என்று நினைப்பவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள். பெட்டியை வெறும் டப்பாவாக விடாமல் கருவியின் பாதியாகவே ஆக்கிவிட்டார்கள். பெட்டி தொலைந்தால் குச்சி வேலை செய்யாது.

நம் ஊருக்கு இது வந்த கதை பலருக்கும் தெரியும். மழை குறைந்த, விவசாயம் பொய்த்த பூமி. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-ல் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு வளர்ந்ததுதான் 'குட்டி ஜப்பான்'.

சித்தப்பாவின் கவலை

என் சித்தப்பா சின்ன அளவில் தீப்பெட்டித் தொழில் செய்கிறார். 2007-ல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆன பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இடையில் அட்டை, மெழுகு, மருந்து எல்லாம் விலை ஏறிவிட்டன. போதாக்குறைக்கு, எரித்துவிட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் லைட்டர்கள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. அது கொஞ்சம் மூச்சு விட உதவியது. ஆனால் தடையை நம்பி எத்தனை நாள் தொழில் செய்வது?

"லைட்டர் செய்ய முடியாத ஒரு வேலையைத் தீக்குச்சி செய்யணும்ப்பா" என்றார் சித்தப்பா.

பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. கார்த்திகை தீபத்தன்று என் மனைவி ஐம்பது அகல் விளக்கு வைப்பாள். சாதாரணக் குச்சி மூன்று விளக்கு ஏற்றுவதற்குள் விரலைச் சுட்டுவிடும். லைட்டரைத் தலைகீழாகச் சாய்த்தால் கை சுடும். 100 மி.மீ. நீளக் குச்சி இருந்தால்? குனியவும் வேண்டாம், விரலும் சுடாது. நீளக் குச்சி உலகத்திற்குப் புதிதல்ல, கார்த்திகைக்கு என்று தனிப் பெட்டியாகக் கொடுப்பதுதான் எங்கள் யோசனை. சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. விருதுநகர் பஜாரில் சில கடைக்காரர்கள் முன்பணமே கொடுத்துவிட்டார்கள்.

எங்கே தவறினேன்?

பெட்டியை வீட்டில் இருந்தபடியே இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேரில் வரைந்தேன். இது இலவசம். டவுன்லோடு செய்து நீங்களும் பயன்படுத்தலாம். தீப்பெட்டிக்கு இரண்டு பாகம்: குச்சி அடுக்கும் உள்பெட்டி, அதை மூடும் மேல்பெட்டி. உள்பெட்டியின் அகலம் 60 மி.மீ., மேல்பெட்டியின் உள் அகலம் 61 மி.மீ. என்று வைத்தேன். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வழுக்கிக்கொண்டு போக இடம்.

மேல்பெட்டியை ஏ5 அளவுப் பக்கத்திலும், உள்பெட்டியை இரண்டு இரண்டாக ஏ4 பக்கத்திலும் வரைந்து பிடிஎஃப் ஆக்கினேன். வீட்டு பிரிண்டரில் ஏ4 அட்டை போட்டு அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டினேன். உள்பெட்டி லொடலொடவென்று ஆடியது. 'ஒரு மில்லிமீட்டர் அதிகம் போலிருக்கிறது' என்று நானே முடிவு செய்து மேல்பெட்டியை 59 ஆகக் குறைத்தேன். மறுபடி அச்சிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது! ஃபைலை டை செய்பவருக்கும் அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

கார்த்திகைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது சித்தப்பாவிடமிருந்து போன். "என்னப்பா, டப்பாவுக்குள்ள டப்பா போக மாட்டேங்குது?"

போய்ப் பார்த்தேன். வண்ணத்தில் அச்சாகி, டை வெட்டி, ஒட்டத் தயாராக 2,000 மேல்பெட்டி. ஒன்றில்கூட உள்பெட்டி நுழையவில்லை. நுழையாது. 59-க்குள் 60 எப்படி நுழையும்?

தப்பு பிரிண்ட் விண்டோவில் இருந்தது. அதில் 'ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்' என்பது தேர்வாகி இருந்தது. அச்சிடும் பரப்பைவிடப் பெரிய பக்கத்தைச் சுருக்கு என்று அதற்கு அர்த்தம். ஏ5 பக்கம் சின்னது, எனவே மேல்பெட்டி சரியான அளவில் வந்தது. ஏ4 பக்கம் ஓரம் வரை நிறைந்தது, எனவே உள்பெட்டி 97 சதவீதமாகச் சுருங்கி வந்தது. 60 மி.மீ. என்று நான் நம்பிய உள்பெட்டி உண்மையில் 58.2 மி.மீ.! அது ஆடியதற்குக் காரணம் இதுதான். நான் திருத்தியதோ சரியாக இருந்த மேல்பெட்டியை. டை செய்பவர் ஃபைலில் உள்ள அளவை அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அச்சகமும் சொன்னதைத்தான் செய்தது.

"தப்பு என்னோடதுதான் சித்தப்பா" என்றேன். அவர் திட்டவில்லை. முன்பணம் கொடுத்த கடைக்காரர்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உள்பெட்டி தப்பித்தது. மேல்பெட்டிக்கு மட்டும் புது டை, புது அட்டை, மறு அச்சு. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பு சரக்கு கடைக்குப் போனது. இரண்டு கடைக்காரர்கள் அதற்குள் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். மற்றவர்களிடம் போன பெட்டிகள் விற்றுவிட்டன. அடுத்த கார்த்திகைக்கும் கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் செய்து பாருங்கள்

1. இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று அளவை மி.மீ. என்று மாற்றுங்கள்.

2. எடிட் மெனுவில் பிரிஃபெரன்ஸஸ் சென்று, டூல்ஸ் பகுதியில் 'ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளவு காட்டும்.

3. வீட்டில் உள்ள ஒரு தீப்பெட்டியைப் பிரித்து, ஸ்கேலால் அளந்து, அதே அளவில் வரையுங்கள். மடிக்க வேண்டிய இடத்தைப் புள்ளிக்கோடாகவும் வெட்ட வேண்டிய இடத்தை முழுக்கோடாகவும் போடுங்கள்.

4. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு வரையுங்கள்.

5. அச்சிடும்போது 'ஃபிட்' வேண்டாம், 'ஷ்ரிங்க்' வேண்டாம். 'ஆக்சுவல் சைஸ்' என்பதையே கிளிக் செய்யுங்கள். பிரிண்டரில் இருந்து தாள் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 97 காட்டினால் அந்தத் தாளை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் வடிவமைப்பது பெட்டியை மட்டும். மருந்துப் பக்கம் போகவே கூடாது. அது உரிமம் பெற்றவர்களின் வேலை. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை எங்கள் பகுதி மறக்கவில்லை.

பெட்டியும் பேசும்

கடைசியாக ஒன்று. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசுகள் வந்தன. 2019 முதல் அவற்றின் டப்பாவில் கியூஆர் குறியீடும் இடம்பெற்றது. போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு கார் உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது. பாஷ் செய்ததையேதான் இவர்களும் செய்திருக்கிறார்கள். டப்பாவைச் சும்மா இருக்க விடாமல் அதற்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் விரலைச் சுடும் பொருள், மூடி திறக்காத பொருள், கைக்கு எட்டாத பொருள் நிச்சயம் இருக்கும். அதை மானிட்டரில் கொண்டு வாருங்கள். ஸ்கேலை மட்டும் மேஜை மேலேயே வைத்திருங்கள். என் மேஜையில் ஸ்கேலோடு அந்த 59 மி.மீ. மேல்பெட்டி ஒன்றும் இருக்கிறது.