கட்டத்துக்குள் தோட்டச் சொற்கள்

குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அதை வீட்டில் அமர்ந்து சொந்தமாக அமைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஒரு கட்டத்தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான் ஆகியவை இருந்தால் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிவிடலாம். அழிப்பான் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

இன்று நாம் காணும் குறுக்கெழுத்து, 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' என்ற நாளிதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் கட்டங்களை வைர வடிவில் அடுக்கி, அதற்கு 'வேர்ட்-கிராஸ்' என்று பெயரிட்டார். பின்னர் அப்பெயர் முன்பின்னாக மாறி 'கிராஸ்வேர்ட்' ஆயிற்று. தமிழ் இதழ்களுக்கும் இது விரைவில் வந்து சேர்ந்தது. 1930-களில் ஆனந்த விகடன் இதழ் பரிசுப் பணத்துடன் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. பணம் புகுந்ததும் இது விளையாட்டா சூதாட்டமா என்ற கேள்வியும் எழத்தான் செய்தது. இந்தியாவில் 1955-இல் இயற்றப்பட்ட பரிசுப் போட்டிச் சட்டம், மாதத்திற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு வழங்கும் போட்டிகளைத் தடை செய்தது. குறுக்கெழுத்தும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நாம் அமைக்கப்போகும் புதிருக்குப் பரிசு கிடையாது. எனவே அஞ்ச வேண்டியதில்லை.

தமிழில் குறுக்கெழுத்து அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பதைவிடக் கடினம். அதற்குக் காரணம் நம் எழுத்துகளே. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துதான் வரும். 'தோட்டம்' என்ற சொல்லுக்குத் தோ, ட், ட, ம் என நான்கு கட்டங்கள் தேவை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளதால் இரு சொற்களுக்குப் பொதுவான எழுத்து எளிதில் கிடைத்துவிடும். தமிழிலோ 247 எழுத்துகள். க வேறு, கா வேறு, கி வேறு. ஆகவே சொற்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் குறைவாகவும், கறுப்புக் கட்டங்கள் மிகுதியாகவும் அமையும். இதைக் குறையாக எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது என்று இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர்வுக்காகப் படித்த அந்த விதி இங்கே நேரடியாக வேலை செய்கிறது. 'தோட்டம்' என்ற சொல்லின் இறுதியில் உள்ள 'ம்' என்ற எழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியுமா? முடியாது. அந்த 'ம்' மற்றொரு சொல்லின் நடுவிலோ இறுதியிலோதான் நிற்க வேண்டும். நடுவில் நிற்க வேண்டுமானால் 'செம்பனை' பொருந்தும்; இறுதியில் நிற்க வேண்டுமானால் 'லயம்' பொருந்தும்.

இப்பொழுது ஓர் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவோம். நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ளது புக்கிட் பெலண்டோக். மலாய்மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று. 'பெலண்டோக்' என்றால் சருகுமான். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் வராது. ஆனால், இந்த ஊர்ப்பெயரின் இரு பகுதிகளுமே வல்லின மெய்யில்தான் முடிகின்றன! பிறமொழிப் பெயர் என்பதால் அப்படி. புதிர் அமைப்பவருக்கு இது ஒரு நல்வாய்ப்பு. 'பெலண்டோக்' சொல்லின் இறுதியில் உள்ள 'க்', 'புக்கிட்' சொல்லின் இரண்டாம் எழுத்தாகவும் இருக்கிறது. 'புக்கிட்' சொல்லின் இறுதியில் உள்ள 'ட்', 'தோட்டம்' என்பதன் இரண்டாம் எழுத்து. இவற்றை ஒவ்வொன்றாகக் கோத்தால் பின்வரும் கட்டம் கிடைக்கும்.

■ ■ ■ ■ பு ■ ■
பெ ல ண் டோ க் ■ ■
■ ய ■ ■ கி ■ செ
■ ம் ■ தோ ட் ட ம்
■ ■ ■ ■ ■ ■ ப
■ ■ ■ ■ ■ யா னை

அடுத்தடுத்த கட்டங்களில் எழுத்துகள் வந்தால் அவை சேர்ந்து ஒரு சொல்லாக வேண்டும். இதை மறந்தால் பொருளற்ற எழுத்துக் கூட்டங்கள் தோன்றிவிடும். மேலே உள்ள கட்டத்தில் 'ண்' என்ற எழுத்தின் வழியாகக் கீழ்நோக்கி எந்தச் சொல்லும் செல்லவில்லை. அப்படிச் சென்றால் அது 'லயம்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். யானை எப்படித் தோட்டத்துக்குள் வந்தது என்று கேட்கிறீர்களா? 'னை' என்று முடியும் ஒரு சொல் தேவைப்பட்டது. யானை உதவிக்கு வந்தது.

கட்டம் முடிந்ததும் குறிப்புகள் எழுத வேண்டும். சொல்லுக்கு நேர்ப்பொருள் தருவது எளிய வழி. இருபொருள் படும்படி எழுதுவது சுவையான வழி. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இத்தகையவை. நாமும் முயன்று பார்க்கலாம். 'கழுத்தில் விழும் பொழுது' என்பது இரண்டு எழுத்துச் சொல்லுக்கான குறிப்பு. படித்தவுடன் 'விழும்போது' என்றே பொருள் கொள்வோம். ஆனால், பொழுது என்பது இங்கே நாளின் ஒரு பகுதி. விடை: மாலை.

எந்தச் சொற்களைப் புதிரில் சேர்ப்பது? நாளிதழ்ப் புதிர் எல்லா ஊராருக்கும் பொதுவானது. அதனால் அதில் எல்லாருக்கும் தெரிந்த சொற்களே இடம்பெறும். வீட்டில் அமைக்கும் புதிருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பால்மரக் காடுகள் செம்பனைக்கு இடம்விட்ட தோட்டங்கள் பல. மரம் போனபோது அதைச் சுற்றியிருந்த சொற்களும் வழக்கிலிருந்து நழுவத் தொடங்கின. விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் 'பெரட்டு', ஒருவர் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசையான 'நிரை', பால் வாளிகளைத் தோளில் சுமக்க உதவும் 'காண்டா', வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் 'ஒட்டுப்பால்', பால் வடியும் கிண்ணமான 'மங்கு' ஆகியவற்றைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டால்தான் தெரியும். கேட்கும்போது அவர்கள் சொல்லோடு நிறுத்தமாட்டார்கள். மழை நாளில் மங்குகளில் நீர் நிரம்பிப் பால் வீணான கதையும் சேர்ந்தே வரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் நல்ல குறிப்பு பிறக்கும். 'பால் ஏந்தும் கிண்ணமே, ஒளி குறைந்து போ!' என்ற குறிப்பின் விடை, மேலே உள்ள சொற்களில் ஒன்றுதான்.

எழுத்துப்பிழையையும் கட்டம் காட்டிக் கொடுக்கும். 'நிரை' என்பதை 'நிறை' என்று எழுதினால், அதை வெட்டிச் செல்லும் சொல் பொருந்தாமல் நின்றுவிடும். எங்கே பிழை என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அமைத்த புதிரை இருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். ஒருவர் உங்கள் வகுப்புத் தோழராகவும் மற்றவர் வீட்டுப் பெரியவராகவும் இருக்கட்டும். தோழர் 'பெரட்டு' என்ற இடத்தில் திணறுவார். பெரியவரோ அதை உடனே சொல்லிவிட்டு, நீங்கள் சேர்த்திருக்கும் 'மடிக்கணினி' என்ற சொல்லில் நின்றுவிடக்கூடும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் புதிர் முடிந்துவிடும்.