பணப்பையைத் தனியே சுமக்காத பவுல்

 

இன்னும் சில வாரங்களில் நம் பங்குகள் பலவற்றில் நலநிதி விழாக்கள் தொடங்கிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்காக, படிப்பு பாதியில் நிற்கவிருக்கும் பிள்ளைகளுக்காக, மழையில் வீடு இழந்தவர்களுக்காக என்று பந்தல் போடுவோம், உணவுக் கடைகள் வைப்போம், வாழைத்தாரையும் ஆட்டுக்கிடாவையும் ஏலம் விடுவோம். அந்த ஏற்பாடுகளுக்கான கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "சாமி, ஏழைகளுக்குத்தானே கொடுக்கிறோம்? இதற்கு இத்தனை ரசீதும் கணக்கும் கமிட்டியும் எதற்கு?" கேட்பவர் நல்ல மனிதர். பெரும்பாலும் அதிகம் கொடுப்பவரும் அவராகவே இருப்பார்.

இந்தக் கேள்வியை 1617ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பங்குத்தந்தை வேறு விதமாகச் சந்தித்தார். பிரான்சு நாட்டில் சாத்தியோன் என்ற சிற்றூர். ஞாயிறு திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாருமே நோயில் கிடக்கிறார்கள், கஞ்சி காய்ச்சக்கூட ஆள் இல்லை. மறையுரையில் அதைச் சொன்னார். பிற்பகலில் அவர் அந்த வீட்டை நோக்கி நடந்தபோது வழியெல்லாம் மக்கள், போவோரும் திரும்புவோருமாக. ஒரே நாளில் அந்த வீட்டில் உணவு குவிந்துவிட்டது. நாம் என்றால் "மறையுரை பலித்தது" என்று மகிழ்ந்து வீடு திரும்பியிருப்போம். புனித வின்சென்ட் தே பவுல் கவலைப்பட்டார். இவ்வளவையும் இவர்கள் இன்று உண்ண முடியாது, மிச்சம் கெட்டுப்போகும், சில நாளில் மீண்டும் பட்டினிதான் என்று எண்ணினார். இங்கே அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டு, சில நாள்களிலேயே அவ்வூர்ப் பெண்களைக் கூட்டினார். யார் எந்த நாளில் சமைப்பது, யார் கொண்டுபோவது, பணம் யார் பொறுப்பில் என்று முறை வகுத்தார். அவர் தொடங்கிய பிறரன்புச் சபைகளுக்கு அதுவே முதல் வித்து.

இதற்கும் முன்னோடி திருத்தூதர் பவுல். அவரை நாம் மறையுரையாளராக அறிவோம், கைதியாக அறிவோம். ஆனால் ஓராண்டுக்கும் மேலாக மாசிதோனியா, அக்காயா, கலாத்தியா என்று பல நாட்டுச் சபைகளில், எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டியவர் அவர் என்பதை அதிகம் பேசுவதில்லை. அதை எப்படி நடத்தினார் என்பது கொரிந்தியருக்கு எழுதிய இரு திருமுகங்களிலும் இருக்கிறது.

முதல் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லும் முறை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருமானத்துக்கு ஏற்ப எடுத்து வைக்க வேண்டும், நான் வந்த பிறகு அவசரமாக வசூல் செய்யக் கூடாது என்கிறார். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்களே, அந்தப் பிடியரிசிக் கணக்குதான் இது. விழா நாளன்று ஒலிபெருக்கியில் பேர் சொல்லி, வெட்கப்படவைத்து வாங்கும் பணம் அல்ல. கட்டளையாகச் சொல்லவில்லை என்று பவுலே தெளிவாக எழுதுகிறார்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. சேர்ந்த பணத்தைத் தானே எடுத்துப்போக அவர் விரும்பவில்லை. நீங்களே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுங்கள், அறிமுகக் கடிதத்தோடு அனுப்புகிறேன், நானும் போவது நல்லதென்றால் அவர்கள் என்னோடு வரட்டும் என்கிறார். இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் தீத்துவோடு மேலும் இரு சகோதரரை அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே இந்தப் பணிக்கென்று தேர்ந்தவர். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார்: இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எங்கள்மீது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது, ஆண்டவர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் எது நேர்மையோ அதையே செய்யப் பார்க்கிறோம்.

திருத்தூதரையே சந்தேகித்தார்களா? சந்தேகித்தார்கள்! தந்திரமாகத் தங்களிடம் பணம் பறித்தார் என்ற பேச்சு கொரிந்தில் இருந்ததை 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அதற்காக அவர் கோபித்துக்கொண்டு நிதி திரட்டுவதை விடவுமில்லை, "என்னை நம்பவில்லையா?" என்று அதட்டவுமில்லை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் பங்குத்தந்தையராகிய நாங்கள் பெரும்பாலும் செய்கிறோம்.

ஆகவே நம் விழாக்களில் என்ன செய்யலாம்? துண்டறிக்கை அச்சடிக்கும் முன்பே நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு நோக்கத்துக்காக மக்கள் தந்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. டயாலிசிஸுக்கு என்று வாங்கியதில் மிச்சம் இருந்தால் கோவில் சுவருக்கு வண்ணம் பூச முடியாது. மக்கள் தந்ததற்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம் 1287. பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் என்கிறது சட்டம் 537. இது பங்குத்தந்தையின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் அல்ல.

ரசீதுப் புத்தகங்களுக்கு எண் இட்டு, யாரிடம் எந்தப் புத்தகம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்காத புத்தகமும் திரும்பி வர வேண்டும். கடைகளில் ரொக்கம் வாங்காமல் ஒரே இடத்தில் கூப்பன் விற்றால், பத்துக் கடைகளில் சிதறும் பணம் ஒரே மேசைக்கு வரும். இரவே எண்ணுங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத மூவர் எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில் கட்டிவிடட்டும். பணத்தைப் பங்குத்தந்தையின் அலமாரியில் வைக்க வேண்டாம். அது அவருக்கும் நல்லதல்ல.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பளத்திலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இங்கே பிறந்தவரே ஆனாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று அரசிடம் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே, 2020 திருத்தத்தின்படி புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான், அதைப் பெற முடியும். தெரியாமல் பங்குக் கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம். குலுக்கல் சீட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. "கோவில் குலுக்கல்தானே" என்ற சமாதானம் எனக்கு ஏற்புடையதல்ல. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மறப்பதும் அதைத்தான்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் முன்பு பணிசெய்த ஒரு பங்கில் விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடைகளின் பில்லும் ஒரு மாணவியின் ஓராண்டு விடுதிக் கட்டணமும் ஏறக்குறைய ஒரே தொகை. எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதே விழாவில்தான் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகத் திரட்டிய நிதி அது. உதவி பெறும் பிள்ளைகளின் படங்களைப் போட்டு முச்சந்தியில் பெரிய பிளெக்ஸ் வைத்தோம். நிறைவு நாளில் ஒவ்வொரு குடும்பமாக மேடைக்கு அழைத்தோம். கணவரை இழந்த ஒரு தாயின் பெயரை மூன்று முறை அழைத்தும் அவர் வரவில்லை. அவர் உணவுக் கடைக்காக இரண்டு நாள் முறுக்கு சுட்டுத் தந்தவர், கூட்டத்தில்தான் நின்றார். எனக்கு உள்ளுக்குள் கோபம். மறுநாள் காலையில் வீட்டுக்கே போனேன்.

"ஏம்மா, மூணு தடவை கூப்பிட்டோமே, ஏன் வரல?"

"சாமி, நாங்க இல்லாதவங்கதான். அதுக்காக எம்மவ படத்த முச்சந்தியில தொங்க விடணுமா? அவ கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் அந்த வழியாத்தான் போகுது. நான் மேடைக்கு வந்தா சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா?"

நான் பேசாமல் நின்றேன். அவர் உள்ளே போய் விவிலியத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தார்.

"நானும் இருவது ரூவா குடுத்திருக்கேன் சாமி. கணக்கு எப்ப வாசிப்பீங்க?"

மாசிதோனியச் சபையினர் கொடிய வறுமையிலும் எங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டதாகப் பவுல் எழுதுகிறாரே, அதை எத்தனையோ முறை வாசித்திருந்தேன். உதவி பெறுபவர் பட்டியலில் எழுதிய அந்தத் தாயை நன்கொடை தந்தவர் பட்டியலிலும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எருசலேம் மக்கள் இந்தக் கொடையை ஏற்பார்களோ மாட்டார்களோ என்று பவுலுக்கே அச்சம் இருந்தது. அவர்கள் அதை ஏற்க வேண்டும் என்று மன்றாடும்படி உரோமையரைக் கேட்கிறார். கொடுப்பதைவிட வாங்குவது எவ்வளவு கடினம் என்று அவர் அறிந்திருந்தார்.

அன்று மதியமே பிளெக்ஸை இறக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கட்டணத்தை நேரே பள்ளிக்குச் செலுத்தினோம். கணக்கைக் கேட்டபோதுதான் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை என்று தெரிந்தது. அந்தத் தாயின் சீட்டு எண் அவற்றில் ஒன்றில் இருந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வரவையும் செலவையும் வாசித்தேன், பொன்னாடை பில் உட்பட. வராத இரண்டு புத்தகங்களின் எண்களையும் வாசித்தேன். கோவிலில் ஒரு சத்தம் இல்லை.

அன்று மாலை அலுவலக ஜன்னல் வழியாக ஒரு புத்தகம் உள்ளே போடப்பட்டிருந்தது, பணமும் ரப்பர் பேண்ட் போட்டுக் கூடவே இருந்தது. இருபது ரூபாய்க்கான அடிக்கட்டை அதில்தான் இருந்தது. மற்றொரு புத்தகம் இன்றுவரை வரவில்லை.