அடுப்படியில் எத்தனை அடி நடக்கிறீர்கள்?

விடியும் முன்னே எழுந்து, கோப்பி கலக்கி, பிள்ளைகளுக்குப் பசியாறல் செய்து, மத்தியானச் சோற்றையும் வடித்து வைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் கதை வேறல்ல. பிரட்டுக்குப் பதிலாகத் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும், அவ்வளவுதான். வெளி வேலைக்குக் கூலி உண்டு, முடியும் நேரமும் உண்டு. அடுப்படி வேலைக்கு இரண்டும் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. ஒருவேளைச் சமையலுக்கு உங்கள் அடுப்படியில் எத்தனை அடி நடக்கிறீர்கள்?

மரம் வெட்டியவர்களுக்கு நடையின் அருமை நன்றாகத் தெரியும். 500 மரம் வெட்டுகிறவர் மரத்துக்குப் பத்து அடி வீணாக நடந்தால், 5,000 அடி வீணாகும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடியாது. ஆகையால்தான் நிரை பிடித்து, வந்த வழியே திரும்பாமல் வெட்டிக்கொண்டு போகிறார்கள். 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பரிசோதனைத் தோட்டம் வைத்திருந்தது நமது சுங்கை பூலோவில்தான். எந்த மரத்தை நடுவது, எப்படி வெட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்றெல்லாம் அங்கே பல்லாண்டு ஆராய்ந்தார்கள். அந்த நிலத்தில் இப்போது குவாசா டாமன்சாரா நகர் எழுந்து வருகிறது. மரத்துக்கு இத்தனை ஆராய்ச்சி நடந்ததே, அம்மாவின் அடுப்படியை யாராவது ஆராய்ந்தார்களா?

ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்பவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்வதைக் கண்டார். கல்லை இடுப்பு உயரத்தில் அடுக்கித் தரும் சாரத்தை அமைத்தார். ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் தேவைப்பட்ட வேலை ஐந்துக்குள் அடங்கிவிட்டது. அவருடைய மனைவி லில்லியன், 12 பிள்ளைகளைப் பெற்றவர். கணவர் 1924-இல் காலமான பின், அதே அறிவைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். புரூக்ளின் நகர எரிவாயு நிறுவனத்துக்காக அவர் அமைத்த சமையலறையில், ஒரு பழக் கேக் செய்ய நடக்கவேண்டிய 281 அடி 45 ஆகக் குறைந்தது. சாமான்கள் இடம் மாறின, சமையல் மாறவில்லை.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், 1926-இல் மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் தொழிலாளர் வீடுகளுக்கென ஒரு சமையலறையை வரைந்தார். இரயிலில் உணவு சமைக்கும் சின்னஞ்சிறு பெட்டியே அவருக்கு முன்மாதிரி. அப்படிப்பட்ட சமையலறைகள் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தன. இடம் சிறியது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். சிறிய இடமே கால்களுக்கு ஓய்வு தரும் என்று அவர் காட்டினார்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறு சமைக்கும்போது, பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். அடுப்பு, தண்ணீர்க் குழாய், ஐஸ்பெட்டி, அரிசி டின் ஆகியவற்றைத் தாளில் குறிக்கட்டும். நீங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோடு போடட்டும். சமையல் முடிந்ததும் தாளைப் பாருங்கள். எந்த இடத்தில் கோடுகள் அதிகமாகவும் நீளமாகவும் இருக்கின்றனவோ, அங்கேதான் உங்கள் கால்வலி இருக்கிறது.

பிறகு என்ன செய்யலாம்? தோட்ட வீடானாலும் வாடகை அடுக்குமாடியானாலும் சுவரை இடிக்க நமக்கு உரிமை இல்லை. வேண்டியதும் இல்லை. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஏற்பாடுகளே நமக்கு ஏற்றவை.

முக்கோணம்: அடுப்பு, குழாய், ஐஸ்பெட்டி மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் சுற்றளவு 26 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது நிபுணர் கணக்கு. குழாயை நகர்த்த முடியாது. ஐஸ்பெட்டியை நகர்த்தலாம், கேஸ் அடுப்பை மேசையோடு நகர்த்தலாம். ஆனால் கேஸ் தோம்பு நிமிர்ந்தே நிற்கவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். கதவோ சன்னலோ இல்லாத மூலையில் வைக்காதீர்கள். இரவில் வால்வை மூடுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் பொருள்: உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய், கரண்டி எல்லாம் அடுப்பை விட்டு நகராமல் கைக்கெட்டவேண்டும். அரிசி டின் குழாய்க்கருகே இருக்கட்டும். அரிசியைக் களையப் போவது அங்கேதானே? தினமும் எடுப்பது கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில். தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு உரலும் பெரிய அண்டாவும் பரண்மேல்.

இடுப்புக்கு இதம்: நறுக்கும் மேசை முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருப்பது நல்லது. அதைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். மேசையின் நான்கு கால்களுக்கும் உறுதியான மரக்கட்டைகள் வைத்து உயர்த்தி, ஆடாமல் ஆணி அடித்துவிடுங்கள். வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது போன்ற வேலைகளுக்கு ஒரு நாற்காலி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்வது சோம்பல் ஆகாது.

கொதிப்பதைச் சுமக்காதீர்கள்: சோறு வடிக்கும் இடம் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். கொதிகஞ்சிப் பானையோடு அறையைக் கடக்கும்போது, குறுக்கே ஓடிவரும் குழந்தை யார் கண்ணிலும் படாது. மற்ற எல்லா மாற்றங்களையும் தள்ளிப்போட்டாலும் இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு தட்டு: தட்டு, கிளாஸ், ரொட்டி டின் இவற்றைப் பிள்ளைகளுக்கு எட்டும் தாழ்ந்த பலகையில் வையுங்கள். 'அம்மா, தட்டு' என்ற குரல் நிற்கும். மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் அது எட்டட்டும். தம் தட்டைத் தாமே எடுத்து, தாமே கழுவி வைக்கட்டும். வீட்டு ஐயாமார்களுக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் பலகை செய்ய ஒரு பழைய பெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அதோடு உங்கள் தட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்!

பிராங்பர்ட் சமையலறையில் ஒரு குறை சொல்வார்கள். ஒரே ஆள் வேலை செய்யும் அளவுக்கு அது குறுகலாகிவிட்டதால், அடுப்படி வேலை முழுவதும் பெண் ஒருத்தியின் தலையிலேயே தங்கிவிட்டதாம். நாம் அந்தக் குறைக்கு இடம் கொடுக்கவேண்டாம். அடி குறையட்டும், கைகள் கூடட்டும்.

கடைசியாக ஒன்று. மிச்சமாகும் நேரத்தை இன்னொரு வேலையால் நிரப்பிவிடாதீர்கள். அரை மணி கூடுதலாகத் தூங்குங்கள். அல்லது பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தைத் திறந்துவைத்து, "இன்றைக்கு வாத்தியார் என்ன சொல்லிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதற்கு அம்மா இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் கவனமாக உட்காரும்.