வலையைக் காப்பவர்கள் – 9: பெட்டியைக் கேட்டால் பதில் வரும்

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் வருமானச் சான்றிதழுக்காக ஒருவர் இ-சேவை மையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சர்வர் டவுன்ணே, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். சென்னையில் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். வழியில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்திருக்கலாம். கரண்ட் போய் ஸ்விட்ச் அணைந்திருக்கலாம். எங்கே கோளாறு என்று உடனே காட்டும் மென்பொருட்கள் உலகில் பல இருக்கின்றன. அவற்றில் பேர் வாங்கிய ஒன்று நம் தமிழ்நாட்டில் வளர்ந்தது.

சென்ற வாரம் ரவுட்டர், ஸ்விட்ச் பற்றிப் பார்த்தோம். அந்தப் பெட்டிகளோடு பேசுவதற்கு 1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரல் காத்திருக்கும். கண்காணிக்கும் கணினி அதனிடம் எண்களால் கேள்வி கேட்கும். 1.3.6.1.2.1.1.3.0 என்று கேட்டால், 'நீ ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம்?' என்று பொருள். 8640000 என்று பதில் வந்தால், கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு என்பதால், சரியாக ஒரு நாள். அதாவது நேற்று இதே நேரத்தில் அந்தப் பெட்டியோ அதிலுள்ள ஏஜென்ட்டோ அணைந்து எழுந்திருக்கிறது. இணைப்பின் நிலையைக் கேட்டால், 1 என்றால் இயங்குகிறது, 2 என்றால் இயங்கவில்லை. அவசரமென்றால், யாரும் கேட்காமலே பெட்டி தானாகத் தகவல் அனுப்பும்.

இந்த உரையாடலுக்கான நிரலை ஒவ்வொரு நிறுவனமும் அடியிலிருந்து எழுதுவது பெரும்பாடு. அதை எளிதாக்க, ஜாவா மொழியில் ஆயத்த நிரல் தொகுப்பைச் செய்து விற்றது அட்வென்ட்நெட். ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோர் 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்களே அதன் வாடிக்கையாளர்கள். 2001 வாக்கில் அந்தத் தொழில் சரிந்தபோது, அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்களுக்கே நேராகக் கருவி செய்யத் திரும்பினார்கள். மேனேஜ்என்ஜின் என்ற கருவித் தொகுப்பு பிறந்தது, அதிலுள்ள ஆப்மேனேஜர் என்ற கண்காணிப்பு மென்பொருள் இன்று பல நாடுகளில் ஓடுகிறது. 2009இல் நிறுவனம் ஸோஹோ என்று பெயர் மாறியது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் போனால், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் இருக்கிறது.

கேள்வி கேட்க எஸ்.என்.எம்.பி. போதும், அமைப்பை மாற்ற அது போதவில்லை. 2002இல் நெட்வொர்க் நடத்துபவர்களும் நெறிமுறை வகுப்பவர்களும் கூடிப் பேசியபோது இந்தக் குறை வெளிப்படையாக வந்தது. அதன் பலனாக 2006இல் நெட்கான்ஃப், 2017இல் ரெஸ்ட்கான்ஃப் என்ற நெறிமுறைகள் வந்தன. நூறு பெட்டிகளில் ஒருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டியதை ஒரே நிரல் செய்யும். மாற்றியபின் தொடர்பு அறுந்தால் பழைய நிலைக்கே திரும்பவும் நெட்கான்ஃபில் வழியுண்டு.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் திட்டத்தில் ஃபைபர் கொண்டுபோகும் பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேபிள் பதிப்பது பாதி வேலைதான். அறுந்த இடத்தை அந்த நிமிடமே கண்டுபிடித்து ஆளனுப்புவது மீதிப் பாதி. அதற்கு உள்ளூரிலேயே ஆட்கள் வேண்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்களே, லினக்ஸ் போட்ட பழைய கணினிகள் இரண்டு போதும். ஒன்றில் எஸ்.என்.எம்.பி. ஏஜென்ட்டையும் மற்றதில் இலவசமாகக் கிடைக்கும் ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளையும் நிறுவிப் பழகுங்கள். ஏஜென்ட்டில் 'பப்ளிக்' என்று இருக்கும் பொதுக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். ஏன் மாற்ற வேண்டும் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.